யாரையும் நோகடிக்காத நகைச்சுவை: சின்னப் பிள்ளைகளுக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?

லிந்துலை அறநெறி:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து அறநெறி வகுப்பில், மாதத்தின் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு நேரம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். 45 பிள்ளைகள் வரை வருவார்கள். தரம் 1 முதல் தரம் 7 வரை எல்லாரும் ஒன்றாகத்தான். ஒரு லெப்டொப், புரொஜெக்டர், ஸ்பீக்கர் பொக்ஸ் இருக்கு. கோயில் மண்டபத்தில் சிக்னல் கிடையாது. மழை பிடித்தால் கரண்டும் நிச்சயமில்லை.

பிள்ளைகள் போனில் பார்ப்பதெல்லாம் சினிமாக் காமெடித் துண்டுகள்தான். கறுப்பன், குண்டன், மொட்டையன் என்று ஒருத்தரைப் பழிப்பது பாதி, குடிகாரன் தள்ளாடுவது மீதி. மறுநாள் பார்த்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அதே பட்டப்பெயர் விழுந்திருக்கும். மனசு நோகாமல் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி என்ன இருக்கு? எப்படிப் பார்த்துத் தெரிவு செய்வது? கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்க.

கொட்டகலை வாசகி:

வணக்கம் டீச்சர். முதல் விஷயம், தலைப்பைப் பார்த்து நம்பிவிடாதீங்க. ‘நொன்ஸ்டொப் காமெடி’ என்று ஒரு மணித்தியாலத்துக்கு ஒட்டிப் போட்டிருப்பார்களே, அந்தத் தொகுப்புகளை அப்படியே ஒதுக்கிவிடுங்க. பத்து நல்ல துண்டுக்கு நடுவில் ஒரு மோசமான துண்டு வரும், அது வரும்போது நிறுத்த நேரம் இருக்காது. ‘யூ’ சான்றிதழும் போதாது. குடி, கன்னத்தில் அறைவது, நிறத்தைச் சொல்லிக் கிண்டல் எல்லாம் உள்ள படங்களுக்கும் ‘யூ’ கிடைத்திருக்கு. இந்தியாவில் 2024 முதல் ‘யூஏ’ பிரிவை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். புதுப் படம் என்றால் அதைப் பாருங்க, பழைய படத்துக்கு அது உதவாது.

ஒவ்வொரு துண்டையும் இரண்டு தரம் பாருங்க. முதல் தரம் சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டு. அடி, உதை, போத்தல், பெண்களைக் காட்டுகிற விதம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் குத்தும், வசனம் இருந்தால் சிரிப்பில் அடிபட்டுப் போகும். இரண்டாம் தரம் திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்க. பட்டப்பெயரும் இரட்டை அர்த்தமும் அதில் பிடிபடும். தொடங்கும் நேரம், நிறுத்தும் நேரம் இரண்டையும் தாளில் எழுதி வைங்க. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் கன்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தினால் நேரத்தைக் கொடுத்து நேரே அந்த இடத்துக்குப் போகலாம், இழுத்து இழுத்துத் தேட வேண்டியதில்லை.

எதைத் தள்ளுவது என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவு இதுதான்: சிரிப்பு எதன் மேல் விழுகிறது? நிறம், உயரம், திக்குவாய், சாதி, ஏழ்மை, பேச்சு வழக்கு, இவற்றில் எதையும் அந்த ஆள் மாற்றிக்கொள்ள முடியாது. அதன் மேல் விழுந்தால் வேண்டாம். பேராசை, அவசரம், மறதி, வீண் பெருமை மேல் விழுந்தால் தாராளமாகப் போடலாம். தோட்டத்துப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிச் சிரிக்க வைக்கிற வீடியோக்கள் இப்போது நிறைய வருது. தோட்டத்து ஆட்களைப் பழிக்கிற ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் வருகிற எதையும், நம் ஆட்களே செய்திருந்தாலும், பிள்ளைகள் முன்னால் போடவே கூடாது. தன் அம்மா பேசுகிற பேச்சு கேலிக்குரியது என்று எட்டு வயதில் ஒரு பிள்ளை படித்துக்கொள்ளும்.

குடிகாரன் காமெடியும் அப்படித்தான். 45 பேரில் சில பிள்ளைகளுக்கு, அப்பா தள்ளாடி வந்தால் அடுத்து வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். மற்றவர்கள் சிரிக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்?

இனிப் படங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவுக்குக் கதை சொல்கிற இடம் எல்லா வயதுக்கும் பொருந்தும். ஒருத்தர் சத்தம் போட்டுப் பேய்க்கதை சொல்றார், மற்றவர் பயந்து நெளியிறார், அவ்வளவுதான். யாருக்கும் அடி இல்லை, இழிவு இல்லை. சின்னவர்கள் பாலையாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், பெரியவர்கள் நாகேஷின் குரலுக்கு. ‘மாயாபஜார்’ (1957) படத்தில் கடோத்கஜனாக ரங்காராவ் கல்யாண விருந்து முழுவதையும் தனியாகச் சாப்பிடும் இடமும் அப்படித்தான். ‘திருவிளையாடல்’ (1965) தருமி காட்சி சொல்லில் ஓடுவதால் தரம் 3க்கு மேல்தான் பிடிபடும். போடுமுன் ‘பாட்டு எழுதத் தெரியாத புலவருக்கு ஆயிரம் பொன் மேல் ஆசை’ என்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்க.

பண்டாரவளை படப்பெட்டி:

வாசகி அக்கா சொன்னதோடு பேச்சில்லாத படங்களையும் சேர்க்கணும். தரம் 1ம் தரம் 7ம் ஒன்றாக இருக்கிற இடத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ஐந்து, ஆறு வயதில் உடம்பால் செய்கிற வேடிக்கையும் திரும்பத் திரும்ப வருவதும்தான் பிடிக்கும். குத்தலாகப் பேசினால் அதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

சார்லி சப்ளின் 1916, 1917இல் மியூச்சுவல் கம்பெனிக்குச் செய்த 12 குறும்படங்கள் இருக்கு, ஒவ்வொன்றும் 20 நிமிடத்தை ஒட்டி வரும். இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கும். டவுனில் இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்க. சப்ளின் என்றால் எல்லாமே பிள்ளைகளுக்கானது என்று நினைக்க வேண்டாம். ‘வன் ஏ.எம்.’ முழுக்கக் குடிபோதை, ‘த கியூர்’ம் அதே. ‘ஈஸி ஸ்ட்ரீட்’டில் போதை ஊசி போடுகிற ஆள் வருகிறான். இந்த மூன்றையும் விடுங்க. ‘த ரிங்க்’கில் சில்லுச் சப்பாத்து ஓட்டம் அருமை, ஆனால் பருத்த உடம்புப் பெண் விழுவதை வைத்தும் சிரிக்க வைக்கிறார்கள், அந்த இடத்தைத் தாண்டிப் போடுங்க. ‘த போன்ஷொப்’பில் அலாரம் மணிக்கூட்டுக் காட்சி ஒன்றே போதும். ஒருத்தர் அடகு வைக்கக் கொண்டு வந்த மணிக்கூட்டை டொக்டர் மாதிரிக் குழாய் வைத்துக் கேட்டு, டின் வெட்டியால் திறந்து, உள்ளே இருக்கிற எல்லாத்தையும் வெளியே எடுத்து, கடைசியில் அந்த ஆளின் தொப்பிக்குள் கொட்டித் திருப்பிக் கொடுப்பார். அவர் கை விரலைப் பாருங்க, எவ்வளவு கவனமாக வேலை செய்யுது! அவ்வளவு கவனமாகப் பிழை செய்வதுதான் சிரிப்பு.

நீளப் படங்களில் ‘த சர்க்கஸ்’ (1928) சிங்கக் கூண்டு, ‘த கோல்ட் ரஷ்’ (1925) மலை விளிம்பில் ஆடும் வீடு, ‘மொடர்ன் டைம்ஸ்’ (1936) சோறூட்டும் இயந்திரம் மூன்றும் நல்லது. கடைசிப் படத்தில் சிறைச்சாலைச் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பிக்குள் போதைத்தூள் கலக்கிற இடம் வரும், அதை வெட்டுங்க. ‘த கிட்’ (1921) படத்தில் பிள்ளையைப் பிரித்துக் கொண்டு போகும் காட்சிக்குச் சின்னவர்கள் அழுதுவிடுவார்கள், சிரிப்பு நேரத்துக்கு வேண்டாம்.

லோரல், ஹார்டியின் ‘த மியூசிக் பொக்ஸ்’ (1932) அரை மணித்தியாலம். பெரிய பியானோவை நீண்ட படிக்கட்டில் தூக்கி ஏற்றுவதுதான் கதை. கேஸ் சிலிண்டரைப் படி வழியே லயத்து வரிசை வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது தனியாகப் பிடிக்கும். சின்னதாக வேண்டுமென்றால் ‘ஷோன் த ஷீப்’. 2007இல் தொடங்கியது, ஒன்று 7 நிமிடம், வசனமே இல்லை. மிஸ்டர் பீன் என்றால் 2002இல் வந்த கார்ட்டூனைப் போடுங்க. ஆள் நடித்த பழைய தொடரில் உடுப்பை அவிழ்க்கிற இடங்கள் இருக்கு, பார்த்து வெட்டணும்.

பழைய ஊமைப் படங்கள் சில பிரதிகளில் தலைதெறிக்க ஓடும். விஎல்சியில் சதுர அடைப்புக்குறியின் இடப்பக்க விசையை ஒன்று, இரண்டு முறை தட்டினால் வேகம் 0.9, 0.8க்கு இறங்கும். முகபாவம் அப்போதுதான் தெரியும்.

சத்தமில்லாமல் போட்டால் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு தப்பு மேளம் வைங்க. முழுக்க அடிக்க வேண்டாம். விழும்போது ஒரு அடி, துரத்தும்போது மட்டும் ஓட்டம். அடிக்கிறவர் படத்தை முன்னாடியே இரண்டு தரம் பார்த்திருக்கணும், இல்லாவிட்டால் ஆள் விழுந்து எழும்பின பிறகுதான் அடி வரும். பனி நாளில் தோல் தொய்ந்துவிடும், தொடங்குமுன் தணலில் காட்டிக் காய்ச்சிக்கொள்ளுங்க. யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன். திரைக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று போட்டால் வெளிச்சம் ஊடுருவிப் போகும், இரண்டாக மடித்துக் கட்டுங்க.

லிந்துலை அறநெறி:

ரொம்ப நன்றி. தப்பு அடிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு வேலை ஆச்சு. இரண்டு விஷயம் மட்டும்: கரண்ட் போனால் என்ன செய்வது? பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளைகளும் ஆறேழு பேர் வருவார்கள், அவர்களுக்கும் புரியணும்.

பசறை கூத்துக்காரன்:

கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளே நடிக்கிற ஒரு துண்டை எப்பவும் தயாராக வைங்க, டீச்சர்.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில் ஆறு கடக்கும் பகுதியை எடுங்க. குரு ஒருத்தர், சீடர்கள் ஐந்து பேர், வழிப்போக்கர் ஒருத்தர், ஆறு பிடிக்க இரண்டு பேர். பத்து நிமிடம் போதும். நீலச் சேலை ஒன்றை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் ஆறு. ஒரு தடியில் சிவப்புத் துணி சுற்றினால் கொள்ளிக்கட்டை. ஆறு தூங்குதா என்று பார்க்கக் கொள்ளியைத் தண்ணீரில் வைக்கும்போது சபையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ‘உஸ்ஸ்ஸ்’ என்று சீறணும், அதை முதலிலேயே பழக்கிவிடுங்க. ஆறு சேலையும் அப்போது துள்ளணும்.

கதையில் சீடர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அப்படியே வைத்தால் நடித்த பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். லீக்ஸ், கரட், போஞ்சி, நோக்கோல், கோவா என்று காய்கறிப் பெயர்களாக மாற்றிவிடுங்க. மேடைக்கு வந்து பெயர் சொல்லும்போதே சிரிப்பு தொடங்கிவிடும், சிங்களப் பிள்ளைகளுக்கும் புரியும்.

கரை ஏறினதும் எண்ணுகிற இடம்தான் உயிர். எண்ணுகிறவர் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒரு ஆள் குறையுது என்று அழணும். மூன்று பேர் மாறி மாறி எண்ணினால் போதும். முதல் தடவை மிக மெதுவாக, ஒவ்வொருத்தர் தலையையும் தொட்டு. இரண்டாவது அதே வேகம். மூன்றாவது சடசடவென்று. சபையில் இருந்து ‘நீ உன்னை எண்ணலை!’ என்று கத்துவார்கள், மேடையில் யாரும் அதைக் காதில் வாங்கக் கூடாது. இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகும்: நடிக்கிற பிள்ளைகள் தாங்களே சிரித்துவிடுவார்கள், அல்லது முதுகைக் காட்டி நின்று எண்ணுவார்கள். நிஜமாகவே கவலையாக, சபையைப் பார்த்து, விரலை மேலே தூக்கி எண்ணப் பழக்குங்க. மூலக்கதையில் வழிப்போக்கன் ஒவ்வொருத்தர் முதுகிலும் அடி வைத்து எண்ண வைப்பான். அடி வேண்டாம். ஆளுக்கு ஒரு இலை வைத்துவிட்டு, கடைசியில் இலைகளை எண்ணச் சொல்லட்டும்.

சிங்களப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை, அரண்மனை விகடகவி அந்தரே சீனி சாப்பிட்டது. அரசர் பாயில் காயப்போட்ட சீனியைக் காட்டி அது மணல் என்று சொல்வார். அந்தரே சொல்லி வைத்தபடி அவர் மகன் ‘அம்மா செத்துப்போயிட்டா’ என்று ஓடிவர, ‘இனி நமக்கு மணல்தான்’ என்று அழுதுகொண்டே இரண்டு பேரும் சீனியை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். வெளிநாட்டில் வேலை செய்கிற அம்மாமாருடைய பிள்ளைகள் அந்தச் சபையில் இருப்பார்கள், ஆகவே அம்மா சாவை மாற்றி ‘மாடு ஓடிப்போச்சு’ என்று வைங்க. ‘வீடு எரிஞ்சுபோச்சு’ என்றும் மாற்றாதீங்க, லயத்தில் தீப்பிடிப்பது நிஜத்தில் நடக்கிறது. சீனிக்குப் பதில் பொரி வைத்தால் பல்லுக்கும் நல்லது, வாயில் அள்ளிப் போடுவதும் தூரத்துக்குத் தெரியும். மகன் வேடத்தைச் சிங்களப் பிள்ளைக்குக் கொடுத்துச் சிங்களத்திலேயே பேச விடுங்க, அந்தரே தமிழில் பதில் சொல்லட்டும்.

இடையில் இரண்டு நிமிடம் இருந்தால் ‘ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒரு பிடி நரைமுடி’ மாதிரி நாப்பழக்கம். எல்லாரும் சேர்ந்துதான் சொல்லணும். ஒருத்தரை எழுப்பித் தனியாகச் சொல்ல வைத்தால் திக்கிப் பேசுகிற பிள்ளை மாட்டிக்கொள்ளும். விடுகதை என்றால் ‘அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள்’ போல வீட்டில் கண்ணால் பார்க்கிற பொருளாக இருக்கணும். அம்மியும் குழவியும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது விளங்காது, ஒன்றைக் கொண்டு வந்து காட்டுங்க.

உங்கள் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து ஆடுவார்கள் என்றால் அதில் கோமாளி கட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்க. நடையும் பல்டியும் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கு. இரவுக் கூத்தில் பெரியவர்களுக்காகச் சொல்கிற பேச்சு வேறு, இங்கே எல்லாம் சின்னப் பிள்ளைகள் என்பதை முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்க.

மஸ்கெலியா மைந்தன்:

எல்லாம் சரிதான், ஆனால் நீங்கள் சொல்கிற அளவில் பார்த்தால் கவுண்டமணி, செந்திலும் போய்விடுவார்கள். அவர்களை ஒரேயடியாக ஒதுக்குவது எனக்குச் சம்மதம் இல்லை. ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காமெடியில் என்ன கெட்டது இருக்கு? பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

கொட்டகலை வாசகி:

அந்தக் காட்சியின் மூளை நல்லதுதான் தம்பி. ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கச் சொன்னார் கவுண்டமணி, ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டு வந்த செந்தில் ‘இன்னொன்று எங்கே’ என்று கேட்டால் கையில் இருக்கிறதையே ‘அதுதான் இது’ என்கிறார். அதில் யாருக்கும் நோவு இல்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டு போவது அதோடு வருகிற அடியையும், இந்த ஜோடி மற்றப் படங்களில் தலையையும் முகத்தையும் சொல்லித் திட்டுகிற வார்த்தைகளையும்தான்.

ஆகவே போட்டுக் காட்டாமல் நடிக்க விடலாம். நிஜ வாழைப்பழம் இரண்டு, மூன்று பிள்ளைகள். கேட்கிறவர் கோபப்பட்டு அடிப்பதற்குப் பதில் சபைக்கு இறங்கி வந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘நீயே சொல்லு, இன்னொன்று எங்கே?’ என்று கேட்கட்டும். ஐந்தாறு பேரிடம் கேட்டதும் நிறுத்திவிடணும், அதற்கு மேல் இழுத்தால் சலிக்கும். பழம் கனிந்ததாக இருக்கட்டும், காயாக இருந்தால் மேடையில் தின்று முடிக்க நேரம் எடுக்கும், வசனம் தாமதமாகும்.