நுங்கம்பாக்கத்தில் பார்த்த இரட்டையர் ஃபைனல்: என் அனுபவம்

சென்னை ஓபன் டென்னிஸ் நினைவுகள் என்று எல்லோரும் நடாலைப் பார்த்ததையும் வாவ்ரின்காவைப் பார்த்ததையும் எழுதுகிறீர்கள், நான் ஒரு டபுள்ஸ் (இரட்டையர்) ஆட்டத்தைச் சொல்கிறேன்.

2017 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ஓபன் கடைசி நாள். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஈசிஆர் வண்டி பிடித்து மாமாவும் நானும் போனோம். எனக்கு பாடிஸ்டா அகுட் – மெத்வதேவ் ஒற்றையர் ஃபைனல்தான் முக்கியம். மாமாவோ லாஸ்பேட்டையில் பல வருஷமாக ஷட்டில் டபுள்ஸ் ஆடுகிறவர், "டபுள்ஸ் முடியாம எந்திரிக்கக் கூடாது மாப்ளே" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

ரோஹன் போபண்ணாவும் நம்ம சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியனும் ஒரு பக்கம், புரவ் ராஜாவும் திவிஜ் சரணும் எதிர்ப்பக்கம். நான்கு பேரும் இந்தியர்கள், யாருக்குக் கை தட்டுவது என்றே முதலில் தெரியவில்லை. நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் தோளைத் தட்டி, "வலைகிட்ட நிக்கிறவன் முதுகைப் பாரு" என்றார். அப்போதுதான் கவனித்தேன், சர்வீஸ் போடுவதற்கு முன்னால் வலையருகே குனிந்து நிற்பவர் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து விரலைக் காட்டுகிறார். பொதுவாக, மூடிய கை என்றால் அங்கேயே நிற்பேன், விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன் என்று மாமா சொன்னார். அதற்கப்புறம் பந்தைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்தேன். கை விரிந்தது, சர்வீஸ் போனது, எதிராளி அடித்த பந்து வலையைத் தாண்டும் நேரத்தில் இவர் ஏற்கெனவே அங்கே நிற்கிறார், 'டப்' என்று எதிரணி இருவருக்கும் நடுவில் ஒரே வாலி (பந்து தரையில் படுமுன் அடிக்கும் அடி)! நான் எழுந்து நின்று கத்திவிட்டேன்.

சென்னை ஓபன் மாதிரிப் போட்டிகளில், டபுள்ஸில் 40–40 ஆனால் அட்வான்டேஜ் (தொடர்ந்து இரண்டு பாயின்ட் எடுக்க வேண்டும் என்பது) கிடையாது, அடுத்த ஒரே பாயின்ட்தான் கேமை முடிக்கும், அந்த சர்வீஸை எந்தப் பக்கத்திலிருந்து வாங்குவது என்று அதை வாங்கும் அணியே முடிவு செய்யும். இதுவும் அன்று மாமா சொல்லித்தான் தெரியும்.

6–3, 6–4. போபண்ணாவும் ஜீவனும் ஜெயித்தார்கள். ஜீவனுக்கு அதுதான் முதல் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சுற்று) பட்டம், அதுவும் சொந்த ஊரில். மறுநாள் வீட்டுக்கு வந்த பேப்பரில் அதற்கு மூலையில் இரண்டே வரி, மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 1997-லிருந்து சென்னையில் நடந்துவந்த போட்டியே அடுத்த வருஷம் புனேவுக்குப் போய்விட்டது.

2024 ஜனவரியில் மாத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓபன் டபுள்ஸைப் போபண்ணா ஜெயித்தபோது (7–6, 7–5, அவருக்கு 43 வயது!) மாமா வீட்டில் சேர்ந்து பார்த்தோம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அதே வருஷம் செப்டம்பரில், சீனாவில் ஹாங்சோ ஓபனில் வந்தது. ஜீவனும் விஜய் சுந்தர் பிரசாந்தும், இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள், ஃபைனலில் முதல் செட்டை 4–6 என்று விட்டுவிட்டார்கள். நான் கடையில் உட்கார்ந்து போனில் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், வந்த ஆளுக்குச் சில்லறை கொடுக்கக்கூட கை ஓடவில்லை. இரண்டாவது செட் 6–6 ஆகி, டைபிரேக்கில் (செட்டை முடிவு செய்யும் கடைசி கேமில்) 7–6 என்று எடுத்தார்கள். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வரும் பத்து பாயின்ட் டைபிரேக் 10–7, ஜெயித்துவிட்டார்கள்!

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். ஸ்கோரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "பிப்ரவரியில நுங்கம்பாக்கத்துல சேலஞ்சர், அந்த அடுத்த நிலை டென்னிஸ் போட்டி, நடக்கும்ல மாப்ளே, டபுள்ஸ் என்னிக்குன்னு பார்த்து வை" என்றார்.