கும்பகோணத்தில் பழைய கடைகள் இரண்டு: வாடகைக்கு விடுமுன் எதுவரை செலவழிக்கலாம்?

கேள்வி (பள்ளி ஆசிரியை, கும்பகோணம்)

வணக்கம். பெரிய கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் என் தந்தையார் விட்டுச்சென்ற இரண்டு கடைகள் எங்கள் பொறுப்புக்கு வந்துள்ளன. ஒவ்வொன்றும் பத்தடி அகலம், பதினான்கடி நீளம். மேலே தேக்குக் கட்டைகள் தாங்கும் மெட்ராஸ் ஒட்டு (செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய முறைத் தளம்), சுண்ணாம்புச் சுவர், முன்புறம் இரும்பு ஷட்டர். இருபது ஆண்டுகளாக ஒன்றில் தையற்கடை இருந்தது, மற்றொன்று பாத்திரக் கிடங்காக இருந்தது. இருவரும் சென்ற ஆண்டே காலி செய்துவிட்டார்கள்.

இப்போது ஒரு கடையை மருந்துக்கடைக்கும் மற்றொன்றைக் கைப்பேசி விற்பனைக்கும் கேட்கிறார்கள். கைப்பேசிக் கடைக்காரர், 2028 மகாமகத்தை மனத்தில் வைத்து, ஐந்து ஆண்டுகளுக்கு எழுதித் தரும்படியும், பளபளப்பான தரை ஓடு, பொய்க்கூரை, குளிர்சாதன வசதி ஆகியவற்றை நாங்களே செய்து தரும்படியும் கேட்கிறார். அதற்கு ஈடாகப் பத்து மாத வாடகையை முன்பணமாகத் தருவதாகவும் சொல்கிறார். ஒரு கடைக்கு மாதம் 9,000 ரூபாய் வாடகை பேசியிருக்கிறோம். அந்த முன்பணத்தைக் கொண்டே பழுதுபார்க்கும் வேலைகளை முடித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். வாடகைக்கு விட்டு எனக்கு அனுபவம் இல்லை. எதை நாங்கள் செய்ய வேண்டும், எதை அவர்களிடம் விட வேண்டும், வரி விஷயம் எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர்)

அம்மா, தரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மேலே பாருங்கள். மெட்ராஸ் ஒட்டில் கட்டைகளின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவை சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளில்தான் ஈரம் தங்கி, மரம் உளுத்துப்போகும். ஒரு நல்ல தச்சரை ஏணியில் ஏற்றி, சுவரை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு கட்டையையும் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது; கெட்டுப்போனதில் அரை அங்குலம் சாதாரணமாக இறங்கும். கான்கிரீட் தளத்தில் செய்வதுபோல் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திச் சோதிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். அந்தப் பாரத்தைப் பழைய மரம் தாங்கும் என்று நம்ப முடியாது.

சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் உடனே சிமெண்டுப் பூச்சு பூசிவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அது தவறு. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டு அந்த வழியை அடைப்பதால், முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இரண்டு மழைக்காலத்தில் இடுப்பளவுக்கு ஏறிவிடும். கெட்ட பூச்சை உதிர்த்துவிட்டுச் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். மேற்தளத்தில் தட்டோடுகளின் இணைப்புகளைச் சுரண்டி அடைப்பதையும், மழைநீர்த் தூம்பைச் சரிசெய்வதையும் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். பொய்க்கூரைக்கு ஒரு மழைக்காலம் கழியும்வரை நான் சம்மதிக்க மாட்டேன். கசிவை அது மறைத்துவிடும். தெரியவரும்போது கட்டை போயிருக்கும்.

மின்கம்பிகளை முழுவதும் மாற்றி, கடைக்கு ஒரு மீட்டராகத் தனித்தனி வணிக இணைப்பு வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்பில் கடை நடந்தால் மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் விதிக்கப்படும். இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால், அந்தச் சுமை உங்களிடம்தான் வந்து நிற்கும்.

மருந்துக்கடைக்காரரிடம், சில்லறை விற்பனை மட்டுமா, மொத்த விற்பனையும் உண்டா என்று கேளுங்கள். உரிமம் பெற, சில்லறை விற்பனைக்கு மட்டும் என்றால் குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும். மொத்த விற்பனையும் சேர்ந்தால் 15 சதுர மீட்டர். உங்கள் கடை 13 சதுர மீட்டர்தான் வரும்.

மறுமொழி (கடை உரிமையாளர், திருச்சி)

சகோதரி, முன்பணத்தைச் செங்கல்லாக மாற்றிவிடாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தவன். வாடகைதாரர் ஒன்றரை ஆண்டில் கடையை மூடிவிட்டு முன்பணத்தைக் கேட்டு வந்தபோது, அது தரை ஓடாகவும் கண்ணாடிக் கதவாகவும் என் கண்ணெதிரே கிடந்தது. கையில் காசு இல்லாமல் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தேன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் நம் மாநில வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்திற்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. பத்து மாதம் வாங்கினாலும் அதை வைப்புத்தொகையாகப் போட்டு மறந்துவிடுங்கள்.

கூரை, சுவர், மின்சாரம், ஷட்டர் ஆகியவை உங்கள் செலவு. தரை ஓடு, அலமாரி, குளிர்சாதனம், பெயர்ப்பலகை அவர்கள் செலவு. அதற்கு ஈடாக, உள்வேலை செய்துகொள்ள ஒரு மாதம் வாடகையின்றி விடுங்கள்; அவர்களுக்கும் அது நியாயமாகப் படும். ஐந்து ஆண்டு என்றால் பதிவு அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும்; பதினொரு மாதப் பத்திரத்தை மாற்றி மாற்றி எழுதி அந்தப் பாதுகாப்பைப் பெற முடியாது. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு உயர்வு, உள்வாடகைக்கு விடக் கூடாது, போகும்போது எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது ஆகியவற்றை எழுத்தில் வைத்து, சாவி கொடுக்கும் அன்று சுவர் சுவராகப் படம் எடுத்து இருவரும் கையொப்பமிடுங்கள். உங்கள் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு இருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டும், அல்லது உங்களுக்கு அதிகாரப் பத்திரம் தர வேண்டும்.

மறுமொழி (வரி ஆலோசகர், மயிலாடுதுறை)

வரியைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் இருப்பதால் நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெறத் தேவையில்லை. வாடகைதாரர் பதிவு பெற்றவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வணிகக் கட்டட வாடகைக்கான 18 விழுக்காட்டை அவரே அரசுக்குச் செலுத்த வேண்டும். இணக்க முறையில் (காம்போசிஷன், அதாவது சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் கட்டும் முறை) வரி கட்டுவோருக்கு 2025 ஜனவரி 16 முதல் இதில் விலக்கு உண்டு. ஆகவே, 9,000 ரூபாய்க்குள் வரியும் அடங்கும் என்று யாரேனும் வாதிட்டால் ஏற்காதீர்கள். வருமான வரியில், நீங்கள் கட்டிய சொத்துவரியைக் கழித்த பின் மிஞ்சும் வாடகையில் 30 விழுக்காடு தானாகவே கழிவாகும். பழுதுபார்த்த ரசீதுகளைக் காட்டித் தனியாகக் கழிக்க இயலாது. அந்த வேலைக்கு வங்கிக் கடன் வாங்கினால் அதன் வட்டியைக் கழிக்கலாம். ஆகவே கையிருப்பு போதாதபோது, முன்பணத்தை விடச் சிறு கடனே மேல்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று தச்சர் வந்து பார்த்தார். கிடங்காக இருந்த கடையில் ஏழு கட்டைகளில் இரண்டின் முனைகளில் திருப்புளி கைப்பிடிவரை இறங்கியது. தையற்கடைப் பக்கம் எல்லாம் நன்றாக உள்ளன. மருந்துக்கடைக்காரர் சில்லறை விற்பனைதான் என்றார், அதனால் அந்தப் பக்கத்தை அவருக்கு முதலில் தருகிறோம். கைப்பேசிக் கடைக்காரரிடம் முன்பணம் மூன்று மாதம் போதும், உள்வேலை அவருடையது, பொய்க்கூரை தை மாதத்திற்குப் பிறகு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் கேட்டிருக்கிறார். அவர் வராவிட்டாலும் அந்த இரண்டு கட்டைகளை இந்த மாதமே மாற்றிவிடுவோம். சுண்ணாம்பை இன்று காலை ஊறப் போட்டாயிற்று.