மற்ற முனை எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பெரியப்பாவின் தோட்டக் கிணற்றடியில் எங்கள் கருவியைப் பொருத்திய அன்று மாலையே அவருடைய வானொலி இரையத் தொடங்கியது. மத்திய அலையில் செய்தி கேட்பவர் அவர். கருவியை நிறுத்தினால் இரைச்சல் நின்றது. ஈதர்நெட் கேபிளை மட்டும் கழற்றினாலும் நின்றது. இந்த இரண்டாவது விடயத்தை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

கிணற்று நீரின் மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து அனுப்பும் சிறிய பெட்டி அது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும் என்ற அச்சம் இங்கே தோட்டம் செய்யும் எல்லோருக்கும் உண்டு. நானும் நண்பனும் இரண்டு வருடம் அதற்காகவே உழைத்தோம். விற்பனைக்கு முன் சிஸ்பர் 32 (CISPR 32) நியமப்படி மின்காந்த உமிழ்வுச் சோதனை. மின்னணுக் கருவிகள் வெளிவிடும் வானொலி இரைச்சலுக்கு எல்லை வகுக்கும் சர்வதேச நியமம் அது. எங்கள் ஊரில் தோட்டமும் வீடும் அடுத்தடுத்து இருப்பவை என்பதால் குடியிருப்புகளுக்கான பி வகுப்பைத் தேர்ந்தோம்.

சோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு போர்ட்டும், அதாவது கேபிள் சேரும் ஒவ்வோர் இடமும், எந்த வகை என்று அட்டவணையாக எழுதிக் கொடுக்க வேண்டும். யுஎஸ்பி, உணரியோடு பேசும் ஆர்எஸ்-485 என்ற தரவுக் கம்பி இணைப்பு, ஈதர்நெட் மூன்றையும் ‘சமிக்ஞை, கட்டுப்பாட்டு போர்ட்’ என்று எழுதினேன். 12 வோல்ட் உள்ளீட்டை ‘நேரோட்ட (DC) வலையமைப்பு மின் போர்ட்’ என்றேன். நேரோட்டம்தானே வருகிறது என்று நினைத்தேன்.

ஆய்வுகூடப் பொறியியலாளர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, சொக்கெட்டின் வடிவத்தைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கேபிளின் மற்ற முனையும் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்” என்றார்.

ஈதர்நெட் வீட்டு ரவுட்டருக்குப் போகிறது. பரந்து கிடக்கும் அமைப்புகளை இணைக்கும் வலையமைப்போடு நேரே சேர்வதால் அது ‘கம்பிவழி வலையமைப்பு போர்ட்’. அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினாலும் அந்த வகை மாறாது. 12 வோல்ட்டோ, பெட்டியோடு நாங்களே கொடுக்கும் அடப்டரிலிருந்து வருகிறது. தனக்கென்றே ஓர் அடப்டர் உள்ள கருவியை ஆடலோட்டத்தில் (AC) இயங்குவதாகவே நியமம் கொள்கிறது. எனவே அளவீடு அடப்டர் சுவரில் செருகும் இடத்தில்.

வார்த்தை மாறியதோடு சோதனையும் மாறிவிட்டது. சமிக்ஞை போர்ட் என்றால் கம்பிவழி உமிழ்வை, அதாவது கேபிள் வழியே வெளியேறும் இரைச்சலை, அளக்கவே தேவையில்லை. வலையமைப்பு போர்ட் என்றதும் 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை அளந்தார்கள். 500 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் சராசரி எல்லை 64 டெசிபல் மைக்ரோவோல்ட். நாங்கள் 6 டெசிபல் தாண்டியிருந்தோம். அடப்டர் முனையில் 500 கிலோஹேர்ட்ஸ் முதல் 5 மெகாஹேர்ட்ஸ் வரை சராசரி எல்லை 46 மட்டுமே, அங்கே மயிரிழையில் தப்பினோம்.

பெரியப்பாவின் வானொலிக்கும் விடை அதில் இருந்தது. 1 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர். கையளவுப் பெட்டி அந்த அலையை வீச முடியாது. வெளியே நீண்டு கிடக்கும் கேபிளே அன்டெனாவாகிறது. எங்கள் மின்மாற்றுச் சுற்றின் இரைச்சல் ஈதர்நெட் கம்பிகள் எல்லாவற்றிலும் ஒரே திசையில் ஓடி, நிலத்தின் வழியே திரும்பிக்கொண்டிருந்தது. பெரைட் என்ற காந்தப் பொருளில் சுற்றிய சோக் ஒன்றை, அதாவது இந்த இரைச்சலைத் தடுக்கும் சுருளை, சேர்த்து, சுற்றின் நில இணைப்பை உலோகப் பெட்டியோடு சொக்கெட் அருகிலேயே பிணைத்தோம். மறுசோதனையில் எல்லைக்கு 9 டெசிபல் கீழே நின்றது. வகைப்படுத்தல் ஒரு படிவ வேலை என்று அலட்சியமாக இருந்ததற்காக இன்றும் வருந்துகிறேன். பிழையான அட்டவணையோடு சோதித்திருந்தால் சான்றிதழும் கிடைத்திருக்கும், ஊரெல்லாம் வானொலிகளும் இரைந்திருக்கும்.

ஆர்எஸ்-485 இப்போதைக்குச் சமிக்ஞை போர்ட்தான். கிணற்றிலுள்ள எங்கள் உணரியோடு மட்டும் பேசுகிறது, உச்ச நீளத்தைக் கையேட்டில் எழுதியிருக்கிறோம். ஆனால் பன்னிரண்டு கிணறுகளை ஒரே கம்பியில் கோத்துத் தரக் கேட்டு அயலூர்த் தோட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அட்டவணையை மறுபடி விரித்து வைத்திருக்கிறேன். இப்படி நீண்ட ஆர்எஸ்-485 இணைப்பைச் சோதனைக்குக் கொண்டுபோனவர்கள் அதை எந்த வகையில் எழுதினீர்கள், ஆய்வுகூடம் என்ன சொன்னது என்று தயவுசெய்து பகிருங்கள்.