புதுப்பிப்பு: தங்கை கல்யாண போட்டோ செலவு

கேரளாவில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தங்கை கல்யாணம், போட்டோ வீடியோவுக்கு ஒன்றேகால் லட்சம் சொல்கிறார்கள், எப்படிக் குறைப்பது என்று வைகாசியில் கேட்டிருந்தேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. செலவு 68,000.

பேரத்தில் குறைந்தது கொஞ்சம்தான். ஆல்பத்தில் கை வைத்ததில்தான் பெரிய மிச்சம். 12க்கு 36 அங்குல அளவில் 50 ஷீட், இரண்டு ஆல்பம் என்றிருந்தார்கள். 30 ஷீட்டில் ஒன்று போதும் என்றோம். மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாப் படமும் ஹார்ட் டிஸ்கில் போயிற்று. ட்ரோன் வேண்டாம், கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டும் வேண்டாம் என்றதற்குத் தங்கை இரண்டு நாள் பேசவில்லை. அது தனிக்கதை.

பொள்ளாச்சிப் பக்கம் ஆள் பிடிக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. வந்தவருக்கு நாத்தனார் முடிச்சு எப்போது என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆவணியில் மலையாளிகளுக்கும் கல்யாண சீசன், ஆள் கிடைப்பது கஷ்டம். எங்கள் முகூர்த்தம் வியாழக்கிழமை என்பதால் இறங்கி வந்தார்.

ஒரு இடத்தில் கோட்டை விட்டேன். எத்தனை மணி வரை இருப்பார் என்று எழுதி வாங்கவில்லை. பந்தி மூன்று மணி வரை இழுத்தது. கூடுதல் நேரத்துக்கு 4,000 கேட்டார், அப்புறம் 2,500க்கு ஒத்துக்கொண்டார். ஆல்பம் கைக்கு வந்தால்தான் பாக்கி 15,000 என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக்கொண்டோம். ஆல்பம் இன்னும் வரவில்லை.