புதுப்பிப்பு: தேரடித் தெரு சாலை வேலை

பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டால் எங்கள் வீடுகள் பள்ளத்துக்குள் போய்விடும் என்று மழைக்கு முன் எழுதியிருந்தேன். நல்ல செய்தி: சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடுகிறார்கள்! 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்திய முறை இது. மனுவில் அதைக் குறிப்பிட்டிருந்தோம். எங்கள் வாசற்படி மூன்றும் தப்பின.

நடைபாதைதான் உறுத்துகிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி குறைந்தது 1.8 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்தேன். மின்மாற்றி அருகே ஒரு மீட்டர்கூட இல்லை. விளிம்புக் கல்லோ 15 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது; எதிர்வீட்டுப் பாட்டி ஏற முடியாமல் வண்டிகளுக்கு நடுவே சாலையில் நடக்கிறார். பேவர் பிளாக் பதிப்பதற்குள் சரிவுப்பாதை வேண்டும் என்று நாற்பது கையெழுத்துடன் இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். திங்கட்கிழமை பொறியாளர் நேரில் வருகிறார்.