ஏர் ரைபிளை வைஸில் கவ்வினால் குரூப் (குண்டுகள் விழும் பரப்பு) பெரிதாகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். என்னுடையது 0.177 அங்குல ஸ்பிரிங் ஏர் ரைபிள், பேரலை மடக்கி லோடு செய்வது. 10 மீட்டரில் காகித டார்கெட், பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி. எந்த பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) இதற்கு ஒத்துவருகிறது என்று பார்க்க ஆசை. என் கை நடுக்கம் குறுக்கே வரக்கூடாதென்று, அப்பாவின் தச்சுப் பட்டறை வைஸில் ஸ்டாக்கை (ரைபிளின் மரக்கட்டையை) இறுகக் கவ்வ வைத்தேன். கட்டை நசுங்காமலிருக்க இருபுறமும் சைக்கிள் டியூப் வெட்டிக் கொடுத்தேன்.

ஒரே டப்பா பெல்லட், ஐந்தைந்து ஷாட். மணல்மூட்டை மேல் வைத்துக் கையால் பிடித்துச் சுட்டால் 14 மி.மீ.க்குள் அடங்குகிறது. வைஸில் 27 மி.மீ.! மூன்று சாயங்காலம் திரும்பத் திரும்பச் செய்தும் இதே கதைதான். ஸ்டாக் ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமாகவே இருக்கின்றன. கை நடுங்குகிற நான் எப்படி இரும்பு வைஸை விட நன்றாகச் சுட முடியும்?

பதில் 1:
தம்பி, வைஸ்தான் காரணம். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும். பிஸ்டன் முனையில் போய் நிற்கும்போது முன்னால் குலுங்கும். இந்த ஆட்டமெல்லாம் பெல்லட் பேரலுக்குள் இருக்கும்போதே தொடங்கிவிடும். நீங்கள் கவ்விப் பிடித்தாலும் அது நிற்காது, வைஸையும் மேசையையும் சேர்த்து உலுக்கும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. ஆட்டத்தைத் தடுக்காதீர்கள், ஒரே மாதிரி ஆட விடுங்கள். உள்ளங்கையை விரித்து அதன்மேல் துப்பாக்கியைச் சும்மா உட்காரவைப்பதை ஆர்டிலரி ஹோல்ட் என்பார்கள். பீரங்கி உதைத்துப் பின்னால் உருள்வதைப் போல.

ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் கம்பெனி ரைபிளான 300எஸ் மாடலும் ஸ்பிரிங்தான். அதில் ஸ்டாக் தோளில் அசையாமலிருக்க, மேலே உள்ள ஆக்‌ஷன் (பேரலும் பிஸ்டனும் சேர்ந்த இரும்புப் பாகம்) மட்டும் தண்டவாளத்தில் பின்னுக்கு நழுவும். எனக்கு இன்றைக்கும் அதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

பதில் 2:
பிசிபி ரைபிளுக்கு (முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடுவது) வைஸ் சரிவரும். பிஸ்டன் கிடையாது, உதைப்பு மிகக் குறைவு. அப்போதும் பேரலையோ காற்று சிலிண்டரையோ கவ்வாதீர்கள், பேரல் வளைய இடமுண்டு. இன்னொன்று, ஐந்து ஷாட்டை நம்பாதீர்கள். பத்து ஷாட்டாவது சுடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, தண்டவாளம் என்றதும் பட்டறையில் கிடந்த டிராயர் சேனல் ஒரு ஜோடி ஞாபகத்துக்கு வந்தது! பலகைக்கு அடியில் அடித்து, மேலே இரண்டு சிறு மணல்மூட்டை வைத்து, ரைபிளை அதன்மேல் கிடத்தினேன். முதல் பத்து ஷாட்டில் உயரம் நன்றாக அடங்கியது, ஆனால் பக்கவாட்டில் பரவியது. தொட்டுப் பார்த்தால் பலகை இடவலமாக லேசாக ஆடுகிறது, பழைய சேனலின் தேய்மானம். தகரத் துண்டு சொருகி அந்த ஆட்டத்தை எடுத்தேன். அதன்பின் மூன்று முறை பத்துப் பத்தாகச் சுட்டதில் 13, 12, 13 மி.மீ.

ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் பலகையைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டி வைத்தால் குண்டு கீழே இறங்குகிறது, இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

பதில் 1:
அருமை தம்பி! மூட்டைமேல் ரைபிள் உட்காரும் இடத்தையும் ஸ்டாக்கில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். ஒரு அங்குலம் முன்பின் போனாலே குண்டு விழும் இடம் மாறலாம். இனி பெல்லட்டை மாற்றிப் பாருங்கள், தலை விட்டம் 4.50 மி.மீ. உள்ளதையும் 4.51 மி.மீ. உள்ளதையும் தனித்தனியாக.