ஏறும்போது ஒருவர், இறங்கும்போது ஒருவர்

நான் ஓட்டுவது குட்டியானை. சேலம் லீ பஜாரில் மளிகை ஏற்றி, ஏற்காட்டில் நாலைந்து எஸ்டேட்டுக்கும் சில கடைகளுக்கும் இறக்கிவிட்டு வருவேன், திரும்பும்போது மிளகோ காப்பியோ கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் 20 வளைவும் வெறும் வண்டிதான். மூன்று வருஷமாக என் சாமான் சீட்டில் கடுகு எண்ணெய் சேர்ந்திருக்கிறது. முதல் தடவை கேட்டபோது மண்டிக்காரர், "மலை மேல யாருக்குப்பா இத்தனை டின் மூட்டு வலி?" என்றார். எஸ்டேட் லயன் வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கிற ஜார்க்கண்ட்காரர்கள் சமைக்க என்று சொன்னதும் ஆச்சரியம் அவருக்கு.

2024 டிசம்பரில் ஒரு நாள் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் போன் செய்து, ஜங்ஷனில் ஒரு பையன் நிற்கிறான், ஏற்றிக்கொண்டு வா என்றார். தன்பாத் - ஆலப்புழை ரயிலில் வந்தவன். இருபது வயதுகூட இருக்காது. முதுகில் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் போர்வை. என் இந்தி ரெண்டு வார்த்தையோடு நின்றுவிடும். அவனுக்குத் தமிழில் மேஸ்திரி, கூடை, சம்பளம், போதும், இந்த நாலும் தெரியும், முன்னாடியே வந்துவிட்ட அண்ணன் போனில் சொல்லிக் கொடுத்ததாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கொஞ்சம் நிலம் இருக்கிறது, மழை பெய்தால் ஒரு போகம் நெல், அறுப்பு முடிந்ததும் அந்த ஊரில் வயசுப் பையன்கள் யாரும் தங்குவதில்லை. பாதி மலை ஏறியதும் வாளியிலிருந்து போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டான்.

அதே நாள் சாயங்காலம், நாகலூர் பக்கம் ஒரு புருஷன் பெண்டாட்டி கை காட்டினார்கள். ரெண்டு பை, ஒரு அரிசி மூட்டை, பாத்திரம் கட்டிய ஒரு சேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அங்கிருந்து குடகுக்கு. என்ன வேலை என்றேன். காப்பிப் பழம் பறிக்க.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தப்புதான். காலையில் அதே வேலைக்கு ரெண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்த ஒருத்தனை மேலே இறக்கிவிட்டிருக்கிறேன், இவர்கள் வீட்டு வாசலிலேயே காப்பிச் செடி இருக்கிறது, இவர்கள் இறங்கிப் போகிறார்கள். "ஏங்க, இங்கயே பறிக்கலாமில்ல?" என்று கேட்டே விட்டேன்.

"இங்க பழம் ரெண்டு மாசம்ணே. அங்க அராபிகா முடிஞ்சா ரொபஸ்டா, அதுவும் முடிஞ்சா மெளகு, பங்குனி வரைக்கும் கை சும்மா இருக்காது" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு அந்தம்மாதான் மிச்சத்தைச் சொன்னார். மாமனாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, ஆள் சேர்த்து அழைத்துப் போகிற மேஸ்திரி முன்பணமாக நாற்பதாயிரம் கொடுத்துவிட்டார், அது செலவும் ஆகிவிட்டது. "இங்க வாரக் கூலிங்க. வாங்கினது சந்தையிலயே கரைஞ்சிரும். மொத்தமா நாப்பது யார் குடுப்பா?"

அவர்கள் மலையாளிகள். கேரளக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், சேர்வராயன் மலையின் பழங்குடி, தமிழ்தான் பேச்சு. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக அவர்களே கதை சொல்வார்கள். கேரளத்துத் தோட்டத்துக்குப் போனபோது "நாங்களும் மலையாளிதான்" என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதையை அவர் சொல்லச் சொல்ல, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அந்தம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த லோடின்போது ரைட்டரிடம் கேட்டேன், உள்ளூர் ஆள் இருக்கும்போது எதுக்குங்க அவ்வளவு தூரத்திலிருந்து? "உள்ளூர் ஆளு சாவுன்னா போயிருவான், சாமி கும்பிடுன்னா போயிருவான். இவனுங்க எங்க போவானுங்க?" என்றார். குடகில் ஒரு ரைட்டர் நம் ஆட்களைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. வாடகை வேண்டுமே.

*

குட்டியானைக்காரரே, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மலையில் ஆசிரியை. நீங்கள் இறக்கிவிட்ட அந்த அம்மா மாதிரி பத்துப் பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். கார்த்திகையில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பாட்டி நடமாட்டமாக இருந்தால் பிள்ளை பள்ளிக்கு வரும், படுத்துவிட்டால் வராது, அவ்வளவுதான். சிலர் கூடவே கூட்டிப்போய்விடுவார்கள், வருகைப் பதிவேட்டில் மூன்று மாதம் வெறும் கோடு. பங்குனியில் திரும்பி வருகிற பிள்ளைக்குக் கன்னடத்தில் நூறு வரை எண்ணத் தெரிகிறது, பன்னிரண்டாம் வாய்ப்பாடு மறந்துவிடுகிறது. பழத்தை எடை போடுகிற இடத்தில் நின்று கற்றுக்கொண்டதாம்.

*

நானும் படித்தேன், சேலம் பக்கத்து அயோத்தியாப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். கூலி கையில் வருகிற இடம் தேடிப் போவது மலைக்காரர் மட்டும் இல்லை. என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். 2024-ல் ஏட்டில் கூலி 319 ரூபாய். நவம்பர் கடைசியில் நின்ற பணம் சித்திரை வரைக்கும் வரவில்லை. பேங்குக்கு அலைந்த பஸ் செலவைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று அம்மாவே கணக்குப் போட்டுவிட்டு, பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குக் கிழங்கு உரிக்கப் போய்விட்டார். அங்கே கூலி கம்மி, ஆனால் சனிக்கிழமை கையில் வரும். அங்கேயும் இப்போது பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள், அம்மாவுக்கு ஒருத்தியோடு நல்ல பழக்கம், ரெண்டு பேரும் என்ன பாஷையில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

*

மறுபடி குட்டியானைக்காரன். அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டிருந்தீர்கள்.

இருக்கிறான். தமிழ் தடதடவென்று வருகிறது, என்னை டிரைவரண்ணே என்கிறான். குடகுக்குப் போனவர்கள் பங்குனியில் வந்தார்கள், முன்பணம் கழிந்ததா என்று கேட்டேன், பாதி கழிந்ததாம், மீதிக்கு அடுத்த கார்த்திகையில் போகவேண்டும். மாமனார் தை மாதமே இறந்துவிட்டார், சாவுக்கு வர முடியவில்லை.

போன வாரம் மூட்டை இறக்கும்போது பையன் கேட்டான், "டிரைவரண்ணே, தன்பாத் வண்டி சேலத்துக்கு எத்தனை மணிக்கு?" போனில் பார்த்துச் சொன்னேன். எப்பொழுது போகிறாய் என்றேன். ரைட்டர் கணக்கு முடிக்கட்டும் என்றான். கடுகு எண்ணெய் டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு லயன் பக்கம் போய்விட்டான்.